செகண்ட்ஸ் தட்டு

அன்று மதியம் மெஸ்ஸில் இருந்தவர்கள்: பனியன் கம்பெனி மேனேஜர். அவரோடு வந்த ஆபீஸ் பெண், கையில் நோட்டு. காரிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வாசம் பிடித்து இறங்கி வந்த டிரைவர். தோசைக்கல் பக்கத்தில் தேனிக்கார அக்கா. அடுப்படி வாசலில் மெஸ்காரரின் வீட்டம்மா. பரிமாற நான். கல்லாவில் கையைக் கட்டிக்கொண்டு மெஸ்காரர்.

அந்த மேனேஜர் சரி என்று சொன்னால் தினமும் மதியம் நூற்றறுபது சாப்பாடு எங்களுக்கு. சொல்லாவிட்டால் ஆடியோடு கடை மூட வேண்டும். அன்று மெஸ்காரருக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தோம். வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். வீட்டம்மா காலையிலேயே அவரிடம் வாக்கு வாங்கிவிட்டார்.

அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவரோடு இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மெஸ் வைப்பதற்கு முன்னால் அவர் இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, புரட்டிப் பார்த்து, ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நான் அதே கம்பெனியில் அயர்ன். நான் தேய்த்து அடுக்கியதையும் எடுத்துப் பார்ப்பார். தேய்த்ததில் என்ன குறை இருந்துவிடப் போகிறது. அவர் பார்த்தால் இருக்கும்.

"தம்பி, இந்தக் கையில ஒரு மடிப்பு நிக்குது பாருங்க."

"போட்டுக்கிட்டா போயிருமுங்ணா."

"போட்டுக்கறவன் ஜெர்மனில இருக்கறானுங்க. நீங்க போயி அவன்கிட்டச் சொல்லிட்டு வந்தர்றீங்களா?"

யாரையும் திட்ட மாட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ங்க' போட்டுத்தான் திருப்பித் தருவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

ஒரு தடவை பெட்டி கட்டி லாரியில் ஏற்றியாகிவிட்டது. லாரி நகர்கிற நேரத்தில் பின்னால் ஓடினார். கழுத்துப்பட்டி நிறமும் உடம்பு நிறமும் ஒரு சாயல் மாறுகிறது என்றார். முதலாளி வந்து பார்த்தார். சூப்பர்வைசர் பார்த்தார். டையிங் மாஸ்டரைக் கூட்டி வந்து காட்டினார்கள். யாருக்கும் தெரியவில்லை.

"உங்களுக்கு மட்டுந்தானுங்க தெரியுது" என்றார் முதலாளி.

"ஆமாங்க. அதுக்குத்தானுங்களே சம்பளம் குடுக்கறீங்க" என்றார் இவர்.

லாரி போனது. வெளிநாட்டுக்காரன் ஒரு பீஸைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. கம்பெனி இவரைத் திருப்பி அனுப்பிவிட்டது.

கணக்கு முடித்து வந்த பணத்தில் மெஸ் வைத்தார். சமையல் வீட்டம்மா. நல்ல கை. ஆனால் அந்த அம்மா சமைத்ததை அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பரவால்ல" என்பார். அப்படிச் சொன்ன அன்றைக்கு அந்த அம்மா கூடுதலாக ஒரு அப்பளம் பொரித்துப் போடுவார். எனக்கு அயர்ன் செய்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. பரிமாற வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் எல்லாருக்கும் பசி ஒரே நேரத்தில்தான் வரும். பன்னிரண்டரைக்கு எல்லாக் கம்பெனியிலும் மணி அடிக்கும். ஒன்றரைக்குத் திரும்ப உள்ளே போயிருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் யார் வாசலுக்கு ஆள் திரும்புகிறதோ அவர்கள் கடை நடத்தலாம். எங்கள் வாசலுக்கு ஒரு மாதம் யாரும் திரும்பவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக யோசனை சொன்னார்கள். நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்கள். ஆட்டோவில் மைக் கட்டச் சொன்னார்கள். ஒன்றும் முடியாவிட்டால் வாசலில் நின்று கூப்பிடவாவது செய்யுங்கள் என்றார்கள்.

நின்றார். "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்ல வேண்டும். அவருக்கு அது வரவில்லை. போகிறவர்களைப் பார்த்து, "இன்னைக்கு ரசத்துல புளி தூக்கலுங்க. சாம்பார் பரவால்ல" என்றார்.

போய்க்கொண்டிருந்த டெய்லர் ஒருவர் நின்றார். "ஏனுங்க, கூப்பிடறீங்களா, தொரத்தறீங்களா?"

"ரெண்டுமில்லீங்க. இருக்கறதச் சொல்றேன்."

"பொரியலு?"

"பொரியல்ல கொற ஒண்ணுமில்லீங்க. பார்த்துட்டேன்."

டெய்லர் உள்ளே வந்தார். ரசத்தை ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, புளி தூக்கல்தான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். சோற்றுக்காக வந்த மாதிரி தெரியவில்லை. இன்றைக்கு எதைக் குறை சொல்கிறார் என்று பார்க்க வந்தார்கள். சாப்பாடும் அங்கேயே ஆகிவிட்டது.

பிறகு பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு செக்கிங் டேபிள் வாங்கி வந்தார். மேலே இரண்டு ட்யூப்லைட் தொங்கும். அதை வாசலில் ரோட்டைப் பார்க்கப் போட்டார். காலையில் இட்லியை ஈடு ஈடாக அதில் கவிழ்க்கச் சொன்னார். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மேலே, கீழே, ஓரம் என்று திருப்பிப் பார்த்தார். நல்லது வலது பக்கம். விண்டது, சப்பையானது, குழி விழுந்தது இடது பக்கம். முகத்தில் சிரிப்பே இல்லை.

ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்கள் கேட்டார்கள்.

"என்னங்க பண்றாரு?"

"இட்லி பாக்கறாருங்க" என்றேன்.

"இட்லியில என்ன பாக்கறது?"

"அவரையே கேளுங்க."

கேட்க உள்ளே வந்த ஆள் நாலு இட்லி தின்றுவிட்டுப் போனார். இப்படியே ஒரு வாரம் போனது.

இடது பக்கம் சேர்ந்த இட்லியை என்ன செய்வது என்று வீட்டம்மா சண்டைக்கு வந்தார். "கொட்டறதுக்கா நா விடியால எந்திரிச்சு ஆட்டறேன்?" என்று கேட்டார். அதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எங்கள் ஊரில் வெளிநாட்டுக்குத் தைத்த பனியனில் குறை இருந்தால் எரிக்க மாட்டார்கள். தனியாகக் கட்டிப் பாதி விலைக்கு விற்பார்கள். அதற்குச் செகண்ட்ஸ் என்று பெயர். அவர் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து, அட்டையில் செகண்ட்ஸ் என்று எழுதி, அதற்குப் பின்னால் சாய்த்து வைத்தார். விண்ட இட்லி, பிய்ந்த தோசை, உப்பாத பூரி. மதியத்தில் குழைந்த சோறும் உடைந்த அப்பளமும். எல்லாம் பாதி விலை.

பிய்ந்த தோசையும் முழுத் தோசையும் வயிற்றுக்குள் ஒன்றுதான் என்று திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாதிப் பேர் போட்டிருந்த சட்டையே அந்த வழியில் வந்ததுதான். ஏழு மணிக்குத் தட்டு நிரம்பும். எட்டு மணிக்குக் காலி.

ஒருவர் இட்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்ணா, இதுல என்ன டேமேஜு?"

"அந்த ஓரத்துல ஒரு குழி இருக்குதுங்க."

"எனக்கொண்ணும் தெரியிலியே."

"பாதி வெலையில தெரியாதுங்க. முழு வெலைக்குக் குடுத்துப் பார்த்தா தெரியும்."

அவர் இதைச் சிரிக்காமல் சொல்வார். கடை முழுக்கச் சிரிக்கும். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவர் என்னைப் பார்ப்பார்.

செகண்ட்ஸ் கேட்டு வந்தவர்கள் பலர் பொம்பளைப் பிள்ளைகள். நூல் பிசிர் வெட்டுகிற வேலை, மடிக்கிற வேலை. சனிக்கிழமை சம்பளம் என்றால் வியாழக்கிழமையே கை காய்ந்திருக்கும். தட்டு காலியாக இருந்தால் ஒரு டீயோடு வேலைக்குப் போய்விடுவார்கள். தேனிக்கார அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை தோசை ஏகமாகப் பிய்ந்தது.

இவர் ஒரு தோசையை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஓரத்தைப் பார்த்தார்.

"அக்கா, இது தானாப் பிஞ்சதில்ல. கரண்டியில கிழிச்சது."

"பிஞ்சதுல என்னண்ணே வித்தியாசம்? பசிச்ச பிள்ளைக திங்கட்டும்னுதேன்."

"திங்கட்டுமுங்க. நல்ல தோசையவே சும்மா குடுங்க. நா வேண்டாங்கல."

"சும்மா குடுத்தா அவிங்க வாங்க மாட்டாகண்ணே. ஒரு நா குடுத்துப் பாத்தேன். அந்தப் பிள்ள மறுநா இந்தப் பக்கமே வரல."

தோசையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "அதுக்குன்னு கிழிக்கலாமுங்களா? நாளைக்கு நெசமாப் பிஞ்சதை எவன் நம்புவான்?" என்றார். அன்று கிழித்த தோசை ஒன்பது. ஒன்பதுக்கும் முழு விலையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டு அவரே தின்ன உட்கார்ந்தார். ஆறாவதில் நின்றுவிட்டார். மீதி மூன்றை நானும் அக்காவும் தின்றோம். அக்கா தின்று கொண்டே சொன்னாள்: "நல்லாத்தேன் சுட்டிருக்கேன்."

மறுநாளிலிருந்து அக்கா கிழிக்கவில்லை. இட்லித் துணியை மட்டும் கொஞ்சம் வேகமாக உரித்தாள். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டும் சொல்லாமல் இருந்திருப்பார் என்று வீட்டம்மா சொல்வார். நான் நம்பவில்லை. அவரால் முடியாது.

சாப்பிட்டு எழுந்த இலையையும் அவர் பார்ப்பார். இலையில் எது மிச்சமோ அதில் குறை. என்ன குறை என்று தெரியாவிட்டால் அவருக்கு உட்கார முடியாது. ஒரு வடக்கத்தி ஆள் ரசத்துச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். இவர் ரோட்டில் பின்னாலேயே போனார். அந்த ஆள் பயந்து வேகமாக நடந்தான். இவரும் வேகமாக நடந்தார். கம்பெனி கேட் வரைக்கும் போய் மறித்துவிட்டார்.

"ரசம் என்னாச்சுங்க?"

"பேட் பர் கயா, பேட் பர் கயா" என்று அவன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். ரசத்தால் வயிற்று வலி வந்துவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. ரசப் பாத்திரத்தை மூன்று தடவை கழுவச் சொன்னார்.

மறுநாள் அவன் நாலு பேரோடு வந்தான். நாலு பேரில் ஒருவனுக்குத் தமிழ் தெரியும். "வயிறு ரொம்பிருச்சுன்னு சொன்னான் சார். ரசம் நல்லாத்தான் இருந்துச்சு. இவன் நேத்து தூங்கல சார், நீங்க கோவமா இருக்கீங்கன்னு" என்றான். இவர் ஐந்து பேருக்கும் ரசத்தை டம்ளரில் ஊற்றி எதிரே உட்கார்ந்து பார்த்தார். குடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஐந்து பேரும் எங்களை விடவில்லை. இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார்கள். பாதி பிரியம், பாதி பயம்.

அவர் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் நான் இருந்தேன். காபி கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சேவூர்ப் பக்கம், தோட்டம் துரவு உள்ளவர்கள். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் தொண்டையைக் கனைத்தார். "பொண்ணுக்குக் கோவம் வருமுங்க. சமையல் சுமார். ஏழு மணிக்கு முந்தி எந்திரிக்காது. மத்தபடி கொறையொண்ணுமில்ல. பார்த்துட்டேன்." மாப்பிள்ளையின் அம்மா காபியைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். அங்கேயே நாள் குறித்தார்கள். அந்த அம்மா பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாராம்: "எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிப்போட்டாரு. இப்ப சண்டை போடறதுக்கு எனக்கொண்ணும் மிச்சமில்ல." மகள் ஒன்றரை வருடம் இவரோடு பேசவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. போன் அடித்தால் மட்டும் கல்லாவிலிருந்து எழுந்து நிற்பார்.

எதிரே பெரிய ஓட்டல் வந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, மூன்று மாடி. திறந்த நாளிலிருந்து ஒரே திருவிழா. மூன்று பிரியாணிக்கு ஒரு பிரியாணி இலவசம். சாப்பிட்டவர்கள் சக்கரம் சுற்றலாம், சீப்பு முதல் சைக்கிள் வரை. போனில் ஐந்து ஸ்டார் போட்டுக் காட்டினால் ஒரு பாதாம் பால். வாசலில் ஒரு ஆள் கரடி வேஷம் போட்டு ஆடி ஆடிக் கூப்பிடுவார். இப்போது நான் அங்கேதான் பரிமாறுகிறேன், அதனால் குறை சொல்லவில்லை. சோறு சூடாகத்தான் போடுகிறார்கள்.

பன்னிரண்டரை மணிக் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. நூறு இலை போட்ட இடத்தில் நாற்பது போட்டோம்.

கரடி மட்டும் எங்களிடம் வந்தார். கூட்டம் ஓய்ந்தபிறகு, தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின் வாசல் வழியாக. உள்ளே வயதான ஆள். வேர்வையில் நனைந்திருப்பார்.

"ஏனுங்க, உங்க ஓனர் பார்த்தா?" என்றேன்.

"தல இல்லாட்டி என்னைய யாருக்குந் தெரியாதுங்க" என்றார். "அங்க சாப்பாடு குடுக்கறாங்க. ஆனா உக்காரக் கூடாதாம். கரடி சாப்பிடறதப் பார்த்தா கொழந்தைங்க நம்பாதாம்."

மெஸ்காரர் அவரைச் சுற்றி வந்து பார்த்தார். "முதுகுல தையல் உட்டிருக்குதுங்க." ஊசி நூல் எடுத்து வந்து, அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் தைத்துக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் நின்று பார்த்த வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம ஆளுகளைக் கூப்பிட்டுட்டுப் போற கரடிக்கு நீங்களே தெச்சுக் குடுங்க!"

"தையல் உட்டிருக்குதம்மிணி. எப்படிச் சும்மா இருக்கறது?"

கரடிக்காரர் போனை எடுத்து, நீங்களும் ஸ்டார் வாங்குங்கள், அதைப் பார்த்துத்தான் இப்போது ஆள் வருகிறது என்று எங்கள் மெஸ்ஸையும் அதில் சேர்த்துவிட்டார். முதல் ஸ்டாரை நீங்களே போடுங்கள் என்று நீட்டினார். இவர் வெகுநேரம் யோசித்து மூன்று போட்டார்.

கடைக்கு இடம் வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர் ஆனியில் வந்தார். செல்போன் கடைக்காரர் கூடுதல் அட்வான்ஸ் தருகிறார், நீங்களும் தருகிறீர்களா என்று ஆடி முடிகிறவரை பார்ப்பேன், இல்லாவிட்டால் ஆவணியில் அவருக்கு விட்டுவிடுவேன் என்றார். அந்த அட்வான்ஸை நாற்பது இலையில் புரட்ட முடியாது. அப்போதுதான் வீட்டம்மா எங்கேயோ அலைந்து, வேறொரு பனியன் கம்பெனியின் அந்த மேனேஜரைப் பிடித்தார். வடக்கிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்களுக்குத் தினமும் மதியச் சாப்பாடு. நூற்றறுபது. எதிர் ஓட்டலும் கேட்டிருக்கிறது. ஒரு நாள் வந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு.

காலையில் வீட்டம்மா அவர் முன்னால் நின்றார். "ஏனுங்க, என்ற தல மேல கைய வெச்சுச் சொல்லுங்க. இன்னைக்கு ஒரு நாள் வாயத் தொறக்கப்படாது."

"கேட்டா?"

"கேட்டாலும்."

வைத்தார். வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் வந்தபோது கும்பிட்டார், அவ்வளவுதான். நான் இலை போட்டேன். சாம்பார், ரசம், பூசணிக்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம், மோர். அந்த அம்மா அன்று உயிரைக் கொடுத்து ஆக்கியிருந்தார். மேனேஜர் கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். டிரைவர் மூன்றாம் தடவை. ஆபீஸ் பெண் நோட்டில் ஏதோ எழுதி அடியில் கோடு போட்டது. எங்கள் பக்கம் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

மெஸ்காரர் எழுந்து வந்தார். வாய் மூடியேதான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஏதோ எடுத்தார். குனிந்து, மேனேஜர் இலையில் கூட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். சிவப்பு அம்புக்குறி.

டிரைவர் தின்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

மேனேஜரும் பனியன்காரர்தானே. பார்த்ததும் புரிந்துவிட்டது. சிரித்தார். "என்னங்க டேமேஜு?"

இவர் வீட்டம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லித் தொலைங்க."

"பருப்பு ஒரு கொதி கம்மிங்க" என்றார். சொன்னதும் அவருக்கு மூச்சு நேராக வந்தது.

மேனேஜர் கூட்டை மறுபடி வாயில் வைத்தார். "எனக்குத் தெரியிலீங்க. ஆனா நீங்களே ஒத்துக்கிட்டீங்க." கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இங்க செகண்ட்ஸ் பாதி வெலைன்னு கேள்விப்பட்டேன். நூத்தறுவதையும் அந்த ரேட்டுக்கே போட்டுக்கலாமுங்களா? தெனமும் இதே கூட்டு போதும். பருப்பு வேகலீன்னு எங்க பசங்க யாருங் கேக்க மாட்டாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். இல்லை. ஆபீஸ் பெண் நோட்டைத் திருப்பி எழுதத் தயாராக இருந்தது. வீட்டம்மா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பாதி விலையில் அட்வான்ஸ் போகக் கைக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது, ஆனால் கடை நிற்கும். "சரிங்க" என்று அவர் வாயெடுப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார்.

"செகண்ட்ஸுக்கு ஆர்டர் எடுக்க முடியாதுங்க."

"ஏனுங்க?"

"அது தானா உழுகோணுமுங்க. நூத்தறுவது நல்ல சாப்பாடு செஞ்சா அதுல ஏழோ எட்டோ உழுகும். அத வேணா பாதி வெலைக்குப் போட்டுத் தர்றேன். வேணும்னே பருப்ப வேக வெக்காம நூத்தறுவது பேருக்கு எப்படீங்க போடறது?"

"நாங்க கேட்டுத்தானுங்களே வாங்கறோம்?"

"திங்கறது நீங்க இல்லீங்களே."

மேனேஜர் கோபப்படவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கோபத்தைக் காட்டுவதில்லை. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். யோசித்து எதிர் ஓட்டலுக்குக் கொடுத்தார்.

வீட்டம்மா இரண்டு நாள் அவருக்குப் பரிமாறவில்லை. நான்தான் போட்டேன். மூன்றாம் நாள் கூட்டு வைத்துக் கொண்டுவந்து அந்த அம்மாவே இலையில் போட்டுவிட்டு நின்றார். இவர் தின்று பார்த்து, "பரவால்ல" என்றார். "பருப்பு?" என்று கேட்டார் அந்த அம்மா. "வெந்திருக்குது" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து அந்த மேனேஜர் ஒரு மணிக்கு வர ஆரம்பித்தார். தனியாக, முழு விலைக்கு. நூற்றறுபது பேருக்கு எதிரிலிருந்து அலுமினிய அண்டாவில் சோறு போகும். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு, ரோட்டைத் தாண்டி எங்களிடம் வந்து உட்காருவார். "இன்னைக்கு எதுல கொறைங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் தண்ணீர் தெளிப்பார். மெஸ்காரர் ஒளிக்காமல் சொல்வார். அவர் மேல் இவருக்கு வருத்தமே இல்லை. "நல்லா சாப்பிடற ஆளு" என்றார் என்னிடம்.

இப்போது மெஸ்காரர் காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் இருக்கிறார். வந்து இறங்கும் கொப்பரையில் பூஞ்சை பிடித்ததைப் பார்த்துப் பிரிக்கிற வேலை. மில்காரர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று தெரியாது.

ஆடி கடைசி வாரம் வாசலில் ஒரு போர்டு வைத்தார். அதுவரை கடைக்குப் பெயர்ப்பலகைகூட வைக்காதவர். 'சனிக்கிழமையோடு கடை நிறுத்தம். சாப்பிட நினைத்தவர்கள் சாப்பிட்டுக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தார். கடைசி நாளில் போர்டைப் பார்த்து ஏமாந்து போகக் கூடாது என்று ஐந்து நாள் முன்னாலேயே வைத்தார். வேறு எண்ணம் இல்லை.

சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு அடைத்துக்கொண்டு வந்தது கூட்டம். முதல் நாள் வந்த டெய்லர் குடும்பத்தோடு வந்தார். டம்ளரில் ரசம் குடித்த ஐந்து பேரும் இருபது பேரோடு வந்தார்கள். பிசிர் வெட்டுகிற பிள்ளைகள் முழு விலை கொடுத்து வரிசையில் உட்கார்ந்தார்கள். வருடக் கணக்கில் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம், "ஐயோ, மூடறீங்களா? எனக்கு இங்க சாப்பிட்டாத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்" என்றார்கள். கரடி வேலை நேரத்திலேயே வந்துவிட்டது, தலையோடு. சேவூரிலிருந்து மகள் வந்து ஒன்றும் பேசாமல் சேலையைச் செருகிக்கொண்டு மோர் ஊற்றியது. இரண்டு தடவை உலை வைத்தோம். இலை தீர்ந்து, நான் சைக்கிளில் போய் இன்னொரு கட்டு வாங்கி வந்தேன்.

கட்டடக்காரரும் வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கல்லாவுக்கு வந்தார்.

"ஏனுங்க, இத்தன ஜனத்த வெச்சுக்கிட்டா மூடறீங்க? இன்னொரு மூணு மாசம் நடத்துங்க. பழைய அட்வான்ஸே போதும். செல்போன்காரன்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."

வீட்டம்மா கரண்டியோடு வந்து நின்றார். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தாள். என் கையில் சாம்பார் வாளி அப்படியே இருந்தது. அவர் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவர் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்தார். வரிசை வரிசையாகப் பார்த்தார். இட்லியைப் பார்க்கிற பார்வை.

"இந்தக் கூட்டத்துல ஒரு டேமேஜ் இருக்குதுங்க" என்றார். "இது சாப்பிட வந்த கூட்டமில்ல. மூடறதுக்கு வந்த கூட்டம். நாளைக்குத் தொறந்தா பழையபடி நாப்பது பேர்தானுங்க. தெனமும் மூட முடியாதுங்களே."

கட்டடக்காரர், சாவி எப்போது தருவீர்கள் என்று கேட்டார். பொழுதோடு தருகிறேன் என்றார் இவர்.

வீட்டம்மா அடுப்படிக்குப் போனார். பாத்திரம் தேய்க்கிற சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. மூன்று மணி வரைக்கும் ஆள் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு கதவைச் சாத்தினோம். இலைக் கணக்கு தினமும் என் பொறுப்பு. அவர் கேட்கவில்லை. நானாக எண்ணினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு.